குடத்தில் வெட்டிய பெயர்

நுழையும்முன்

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலைபெற்றிருக்கிறது. எளிய குடும்பங்களின் வரலாறோ பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் முதியோர் நினைவிலும் தங்கியிருக்கிறது. அதைத் தேடித் தொகுக்கவும் பேணிக் காக்கவும் வழிகாட்டுகிறது இக்கட்டுரை.

என் இளமையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அதன் கழுத்தருகே புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அவர் என் பாட்டியின் தாயார். அவருடைய திருமணச் சீராக வந்த குடம் அது. ஒடுக்கு விழுந்துவிட்டது என்று ஒருநாள் அதைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, எவர்சில்வர் குடம் வாங்கிவந்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் எங்கள் குடும்பத்தின் கொடிவழியை எழுத அமர்ந்தேன். நிலப் பத்திரங்களில் அவருடைய கணவர் பெயரும் மகன்கள் பெயரும் இருந்தன. அவர் பெயர் எங்கும் இல்லை. சொல்வதற்குப் பாட்டியும் இல்லை. சிறுவயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்த எனக்கும் நினைவில்லை. அவர் பெயரைத் தாங்கியிருந்த ஒரே ஆவணத்தை எடைக்குப் போட்டிருக்கிறோம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதியோரிடம் தொடங்குக

குடும்ப வரலாற்றைத் தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் வீட்டுத் திண்ணை. பத்திரங்கள் காத்திருக்கும், முதியோர் காத்திருக்க இயலாது. அவர்களிடம் “பழைய கதை சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் “என்ன இருக்கிறது சொல்ல?” என்பதே விடையாக வரும். ஒரு பழைய நிழற்படத்தையோ பாத்திரத்தையோ கையில் கொடுத்து, “இது யார்? இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது?” என்று கேட்டால் நினைவுகள் ஊற்றெடுக்கும். அவர்கள் இசைவுடன் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்க. அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்க. சொல்ல விரும்பாத துயரங்களை வற்புறுத்திக் கேட்பது முறையன்று.

முதியோர் ஆண்டுகளை எண்ணால் சொல்வதைவிட நிகழ்ச்சியால் சொல்வதே மிகுதி. “தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மறுவருடம்” என்றால் அது 1965. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்களும் இவ்வாறே உதவும். ஆனால், ஒரே பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். சாதகத்தில் ‘பிரபவ’ என்றிருந்தால் அது 1927 ஆகவும் இருக்கலாம். 1987 ஆகவும் இருக்கலாம். அவருடைய பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துச் சான்றுகள்

பழைய கிரயப் பத்திரம் ஒரு குடும்பத்தின் பல செய்திகளைக் கூறும். விற்றவர், வாங்கியவர், அவர்தம் தந்தையர், ஊர், நான்கெல்லை, சாட்சிகள் ஆகியோரை அதில் காணலாம். எல்லை கூறுமிடத்தில் அண்டை நிலத்துக்காரர்களின் பெயர்களும் கிடைக்கும். நிலமில்லாத குடும்பங்களுக்கு வேறு சான்றுகள் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியன அவற்றுள் சில.

பெண்களின் பெயர்களைத் தேடுவோர் பத்திரங்களைக் கடந்து செல்ல வேண்டும். சீர்வரிசைப் பாத்திரங்கள், திருமண அழைப்பிதழ்கள், சாதகக் குறிப்புகள், கடிதங்கள் ஆகியவற்றில் அவர்கள் பெயர்கள் ஒளிந்திருக்கும். மொய் நோட்டு, உறவினர் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தனர் என்பதைக் காட்டும் அரிய சான்று.

எழுதப்பட்டதெல்லாம் உண்மை என்று கொள்ளலாகாது. பிறந்தநாள் தெரியாத பிள்ளைக்கு, பள்ளியில் சேர்க்கும்போது ஏற்றதொரு தேதியைச் சொல்லிவிடும் வழக்கம் முன்பு இருந்தது. சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் குறித்து வைப்பதே நேர்மை. வறுமையையும் வழக்கையும் மறைத்து, பெருமையை மட்டும் தொகுத்தால் அது வரலாறு ஆகாது.

சில குடும்பங்களின் தேடல் கடல் கடந்தும் நீளும். ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற அத்தகைய கப்பல்களின் பயணியர் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியன பதிவாயின. தொழிலாளரை எண்ணிக் கணக்கிட எழுதிய அந்தப் பட்டியல்களே, இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் தம் மூதாதையர் ஊரைத் தேடி வருவதற்குத் துணையாகின்றன.

தெரியுமா?

புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, 18ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தை அறிய உதவும் சிறந்த சான்றாகும். அவருடைய குடும்பத்தினர் வசம் இருந்த அந்த ஏடுகள் 1846இல்தான் பிறர் கவனத்துக்கு வந்தன.

பேணும் முறை

பழம்பொருள்களுக்குப் பகை நான்கு: ஈரம், வெயில், பூச்சி, நம் அவசரம். நிழற்படங்களை வெயில் படும் சுவரிலும் சமையலறையிலும் மாட்டுதல் கூடாது. படத்தின் முகப்பில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து எடுக்க வேண்டும். பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஆண்டையும் எழுதலாம். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.

கிழிந்த பத்திரத்தில் பசைநாடா ஒட்டினால், நாளடைவில் பசை பழுப்பேறித் தாளை அரிக்கும். பழைய ஆவணத்தை லேமினேஷன் செய்வதும் தவறு. வெப்பத்தால் ஒட்டிய நெகிழித்தாளை, ஆவணம் சிதையாமல் பிரிப்பது அரிது. அமிலமற்ற தாளுறையில், மடிக்காமல், தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாத இடத்தில் வைப்பதே நன்று. ஓலைச்சுவடி இருந்தால் தாமே எண்ணெய் பூச முயலாமல், சுவடி நூலகத்தாரின் அறிவுரையை நாட வேண்டும். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அத்தகையதோர் இடம்.

பெயர் வெட்டிய பாத்திரத்தைப் புளியிட்டு அழுந்தத் தேய்த்துக்கொண்டே இருந்தால் எழுத்து மழுங்கும். துலக்குவதற்கு முன் பெயரைப் படியெடுத்துக்கொள்க. எல்லா ஆவணங்களையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுத்து, இரு வேறு இடங்களில் சேமித்து வைத்தால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்று நிற்கும்.

பொருளும் கதையும்

பொருளைக் காத்துக் கதையை இழந்தால், மிஞ்சுவது யாரென்று தெரியாத முகமும் யாருடையதென்று தெரியாத குடமுமே. எனவே, காக்கும் ஒவ்வொரு பொருளுடனும் ஒரு சிறு தாளை வையுங்கள். அது யாருடையது, எங்கிருந்து வந்தது, இதைச் சொன்னவர் யார், எழுதிய நாள் எது என்னும் நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் அம்மாவின் பெயர் என்ன? அவருடைய அம்மாவின் பெயர் என்ன?” விடை கிடைத்தால் உடனே எழுதி வையுங்கள். நான் தவறவிட்ட பெயர் திரும்பக் கிடைக்காது. உங்கள் வீட்டுப் பெயர் ஒருவேளை இன்னும் ஒருவருடைய நினைவில் இருக்கலாம்.