தொண்டை நாட்டு வேட்டமும் விலங்கும்

கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. அதன்கண் கூறப்பெறும் வேட்டம் பிற்காலத்தே எவ்வாறு திரிந்தது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

எயினர் வேட்டம் இருவகைத்து. இரவில், நீர் வேட்கையால் வரும் பன்றியை எதிர்நோக்கிக் குழியுள் ஒளிந்திருப்பர். அது வாயாதாயின், பகலில் நாயொடு புதர்களை அலைத்து முயல் பிடிப்பர். இது விளையாட்டன்று, உணவு தேடும் தொழிலே. வேட்டம் பொய்த்தலும் உண்டு என்பதனைப் புலவர் மறைத்திலர். இவையெல்லாம் திணை மரபு பற்றிய புனைவே எனின், அற்றன்று. குழியின் இயல்பும் வேட்டையின் பொழுதும் நேரிற் கண்டார் கூற்றாகவே உள. எனினும், பாட்டினால் விலங்கின் வகையை அறியலாமேயன்றித் தொகையை அறிதல் இயலாது.

துப்பாக்கி வந்தபின் வேட்டம் வேறாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் புலியைக் கொன்றார்க்குப் பரிசுப்பணம் வழங்கப்பெற்றது. கொல்லுதல் பெருமையும் ஆயிற்று. மலைக்காடுகள் தோட்டங்களாக மாறின. குறைவு கண்டபின்னரே சட்டம் பிறந்தது. காட்டியானையைக் காக்கச் சென்னை மாகாணத்தில் 1873இலும், காட்டுயிர் அனைத்தையும் காக்க நாடு முழுமைக்கும் 1972இலும் சட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டுப் புலிகள் 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 76. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 306. ஆயின் இவ்வளர்ச்சி முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் போன்ற மலைக்காடுகட்கே உரியது. காஞ்சிச் சமவெளிக்கு உரியதன்று.

சமவெளியில் எஞ்சியன பெயரும் விழாவுமே. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்திற்குப் பார்வேட்டைக்கு எழுந்தருள்கின்றார். அங்கு விலங்கு வீழ்த்தப்பெறுவதில்லை. அரசர்க்குரிய வேட்டை இறைவன்மேல் ஏற்றப்பெற்று, கொலை நீங்கிய வழிபாடாக நிலைத்தது எனக் கருதுகின்றோம்.

2019இல் காஞ்சிபுர மாவட்டத்தினின்றும் பிரிந்த செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மற்றொரு சான்று. வேடர் பெயரைத் தாங்கிய அவ்வூர் இன்று பறவைகட்குப் புகலிடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடுதல் பற்றி ஊரார் முறையிட, ஆட்சியர் லியோனல் பிளேசு காப்புரிமை அளித்தார். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை உழவர் நன்கு அறிந்திருந்தனர். சட்டத்திற்கு முற்பட்ட காவல் இஃது.

ஏனம், கேழல், உழுவை, வயமா முதலிய சொற்களை நம் மாணாக்கர் நிகண்டின்வழியே கற்கின்றனர். அவற்றைத் தாங்கிய உயிரைக் கண்டார் சிலரே. விலங்கு மறைந்த நிலத்தில் சொல் வெறும் ஒலியாய் நின்றுவிடும். உரையும் உயிர் இழக்கும். ஆதலின், பாட்டு, நடுகல், ஊர்ப்பெயர், விழா ஆகிய நான்கினையும் ஒருங்கு வைத்து, வட்டந்தோறும் விலங்குப் பெயர்களைத் தொகுத்தல் ஆராய்ச்சியாளர் கடனாம். அஃது இலக்கியத்திற்கு மட்டுமன்றி, எஞ்சிய காட்டிற்கும் செய்யும் பணியாகும்.