திரைக்குள் போர் வானம் – 7: பறவையும் பகடையும்

2019 ஜூன் 27, அம்பாலா விமானப்படைத் தளம். பயிற்சிக்காகக் கிளம்பிய ஜாகுவார் போர் விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே பறவைக் கூட்டத்துக்குள் புகுந்தது. இரண்டு இன்ஜின்களில் ஒன்று செயலிழந்தது. விமானத்தின் அடியில் கூடுதல் எரிபொருள் டேங்குகளும் பயிற்சிக் குண்டுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை சுமையோடு ஒற்றை இன்ஜினில் உயரம் ஏறுவது நடக்கிற காரியம் அல்ல. விமானி உடனே டேங்குகளையும் குண்டுகளையும் கழற்றிவிட்டார். சுமை குறைந்த விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார்.

அதே ஆண்டு நவம்பரில் கோவாவில் கடற்படையின் மிக்-29கே பயிற்சி விமானத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பறவைகள் மோதி இரண்டு இன்ஜின்களும் போயின. விமானிகள் இருவரும் வெளியே குதித்து உயிர் பிழைத்தார்கள்.

வீட்டுக் கணினியில் ஓடும் போர் விமான சிமுலேட்டர்கள் இதையெல்லாம் எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டுகின்றன?

வசதிக்குக் குறைவில்லை. டிசிஎஸ் வேர்ல்டை எடுத்துக்கொண்டால், பறவைகளுக்கென்றே அதன் அமைப்புகளில் ஓர் அளவுகோல் இருக்கிறது. கூட்டலாம், குறைக்கலாம், பூஜ்யத்தில் வைக்கலாம். கருவிகள் தற்செயலாகப் பழுதாகும்படியும் விடலாம். மிஷன் உருவாக்குபவர், எந்த பாகம், எத்தனையாவது நிமிடத்துக்குப் பிறகு, எத்தனை சதவீத வாய்ப்பில் கெட வேண்டும் என்பது வரை குறித்துவைக்கலாம். ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது பகடை. எண் விழுந்தால் இன்ஜின் போகும், விழாவிட்டால் ஓடும்.

வானத்தில் பறவைகள் அப்படிப் பறப்பதில்லை. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பா, ஆசியாவுக்கும் இடையே வலசை போகும் சுமார் 50 கோடிப் பறவைகள் ஆண்டுக்கு இரண்டு முறை இஸ்ரேலின் குறுகலான வான்வெளியைக் கடக்கின்றன. அந்நாட்டு விமானப்படை எதிரிகளிடம் மட்டுமல்ல, நாரைகளிடமும் கழுகுகளிடமும் விமானங்களை இழந்தது. பறவையியலாளர் யோசி லெஷெம் 1980களில் மோட்டார் கிளைடரில் ஏறி அந்தக் கூட்டங்களோடு கூடவே பறந்தார். எந்த வாரத்தில், எந்தப் பாதையில், எந்த உயரத்தில் பறவைகள் வரும் என்று வரைபடம் போட்டார். நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள் தரை சூடானபின் எழும் வெப்பக்காற்றில் மிதந்து மேலேறுபவை. ஆகவே, நாளின் எந்த நேரம் என்பதும் கணக்கில் வந்தது. அந்த வரைபடத்தை வைத்து விமானப்படை தன் பறப்பு நேரங்களை மாற்றியது. மோதல்கள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தன.

அதாவது, பறவை மோதலுக்கு ஊர் உண்டு, மாதம் உண்டு, மணி உண்டு, உயரம் உண்டு. சிமுலேட்டரில் காணாமல் போவது இவைதான்.

வேகமும் முக்கியம். 1.8 கிலோ பறவை மீது மணிக்கு 900 கிலோமீட்டரில் விமானம் மோதினால் உண்டாகும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள கார் 38 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் முட்டுவதற்குச் சமம். வேகம் பாதியானால் அடி கால் பங்காகக் குறையும். தாழப் பறக்கும் விமானி எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

இன்னொரு சிமுலேட்டரிலோ, இன்ஜின் பழுதில் பகடைக்குப் பதில் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாம் உலகப் போரைக் காட்டும் ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் தொடரில், அதிக சக்தியில் ஓட்ட ஒவ்வொரு இன்ஜினுக்கும் நிமிடக் கெடு உண்டு. கெடு தாண்டினால் இன்ஜின் சேதமாகும். கையேட்டில் இருந்த எண்ணை அப்படியே விதியாக்கியதன் விளைவு இது. அதில் பி-40 போர் விமானத்தை ஓட்டியவர்கள் பல ஆண்டுகளாக இதற்கெதிராக முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த விமானத்தின் இன்ஜினைத் தயாரித்த அலிசன் நிறுவனமே 1942 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், 56 அங்குலப் பாதரச அழுத்தத்துக்கு அனுமதித்த இன்ஜினை ஆஸ்திரேலியாவில் 66 அங்குலத்திலும் மத்திய கிழக்கில் 72 அங்குலத்திலும் ஓட்டுவதாகத் தகவல் வந்திருப்பதைக் குறிப்பிட்டு எச்சரித்தது. இன்ஜின் தேயும், ஆயுள் குறையும். ஆனால் மணி அடித்ததும் வெடித்துவிடாது. கையேட்டின் கெடு, இன்ஜினின் ஆயுளைக் காக்க வைத்த வரம்பு.

சரியாகச் செய்த உதாரணமும் இருக்கிறது. ஹீட்பிளர் நிறுவனம் டிசிஎஸ்ஸுக்காக உருவாக்கிய எஃப்-14ஏ. அதன் டிஎஃப்30 இன்ஜின் நிஜத்திலேயே பேர்போன பலவீனம் கொண்டது: மூக்கைத் தூக்கிய நிலையிலோ, விமானம் பக்கவாட்டில் சறுக்கும்போதோ உள்ளே போகும் காற்று குலைந்தால் கம்ப்ரசர் திணறி நிற்கும். எஃப்-14இல் இன்ஜின்கள் ஒன்றுக்கொன்று விலகி இருப்பதால், ஒன்று நின்றதும் மற்றொன்றின் உந்துதல் விமானத்தையே சுழற்றிவிடும். 1994 அக்டோபரில் ஆபிரகாம் லிங்கன் விமானம் தாங்கிக் கப்பலில் இறங்க வந்த அமெரிக்கக் கடற்படை விமானி காரா ஹல்ட்கிரீன் இப்படித்தான் இறந்தார். இடது இன்ஜின் திணறி விமானம் உருண்டது. ஹீட்பிளரின் விமானத்தில் பகடைக்கு இடமில்லை. த்ராட்டிலை முரட்டுத்தனமாகத் தள்ளியது யார் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும்.

இன்னொன்று, திகைப்பு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜின்களும் உந்துதல் இழந்த பயணிகள் விமானம், சுமார் மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். விசாரணையில் அதே சூழலை சிமுலேட்டரில் ஓட்டிப்பார்த்தார்கள். மோதிய உடனே திரும்பிய விமானிகளில் சிலரால் விமான நிலையத்தை எட்ட முடிந்தது. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 35 விநாடி கொடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னபோது எட்ட முடியவில்லை. வரப்போவது முன்பே தெரிந்த விமானி, நிஜ விமானி ஆகமாட்டார்.

இந்த ஒரு விஷயத்தில் பகடை உதவத்தான் செய்கிறது, எதிர்பாராததைத் தருகிறது. அதனால் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை, அதற்கு ஓர் இடமும் காலமும் கொடுத்தால் போதும். மிஷன் உருவாக்கும் வாசகர்கள் இன்றே இதைச் செய்யலாம். டிசிஎஸ்ஸின் சிரியா வரைபடத்தில் வலசைக் காலத்து முற்பகல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாழ்வான பாதையை இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கின் மேல் போடுங்கள். பறவை அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து நகர்த்துங்கள். புறப்படும் முன் விமானிக்குத் தரும் குறிப்பில் பறவை எச்சரிக்கையையும் எழுதுங்கள். எந்த நிமிடத்தில் எந்த இன்ஜின் போகும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

(தொடரும்)