கேரட் பாத்திக்கு இரவில் வந்தவர்கள்

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் அரை ஏக்கர் கேரட் தோட்டம். டார்ச் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது ஓடையோரத்து நாலு பாத்திகள்; உப்பைத் தூவிவிட்டதுபோல இலையெல்லாம் வெள்ளை. பத்தடி மேலே இருந்த பாத்திகளில் வெறும் ஈரம்தான். வேலிப் பக்கம் போனால், யாரோ அவசரமாக மண்வெட்டி போட்டுவிட்டு ஓடியதுபோல மண் புரண்டு கிடந்தது. தோட்டத்துக்கார அக்கா குனிந்து டார்ச்சைத் தரையோரமாகச் சாய்த்துப் பிடித்தார். "ரெண்டு பேர் வந்திருக்காங்க தம்பி" என்றார். பனியை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டார்ச்சை மேலிருந்து அடித்தால் மண்ணில் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் குளம்புத் தடத்தின் நிழல் விழும். அப்படிப் பார்த்தபோது இரண்டு கூரிய குளம்புகளும், அவற்றுக்குப் பின்னால் சற்று அகலமாக இரண்டு சின்னப் புள்ளிகளும் தெரிந்தன. காட்டுப்பன்றி. அதன் மூக்கு நுனி வட்டத் தட்டுபோல இருக்கும். உள்ளே குருத்தெலும்பும், அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சிறிய எலும்பும் உண்டு. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கை மோப்பத்தாலேயே கண்டுபிடித்து, அந்த மூக்கையே கலப்பையாக்கி உழுதுகொண்டு போகும். தின்பது கொஞ்சம், புரட்டிப் போடுவது நிறைய. கேரட் கிடைக்காத இடத்திலும் மண்புழுவுக்காகவும் வண்டுப் புழுவுக்காகவும் தோண்டும்.

இரண்டாவது ஆள் வேறு மாதிரி. மண் அதிகம் கலையவில்லை. ஒரு கேரட்டின் பக்கத்தில் மட்டும் சிறு குழி. பாதி கேரட் மிச்சம். அதன் மேல் உளி கொண்டு செதுக்கியதுபோல இரட்டை இரட்டையாகப் பள்ளங்கள். பள்ளத்தின் அகலம் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. முள்ளம்பன்றி. பெயரில் பன்றி இருந்தாலும் அது எலிக்கும் அணிலுக்கும்தான் உறவு. வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள் அதற்கு. அந்தப் பற்களின் முன்பக்க எனாமலில் இரும்புச்சத்து சேர்வதால் அவை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கேரட்டைத் தின்று வந்த நிறம் என்று நான் ஒருகாலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல் தடத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. இலைக்காம்பு கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். நார் நாராகக் கிழிந்திருந்தால் கடமானோ காட்டு மாடோதான். அசைபோடும் இந்த விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் அழுத்தி இழுத்துக் கிழிக்கும். காட்டு மாடு ஆயிரம் கிலோ வரை எடை போடக்கூடியது. தின்றதைவிட மிதித்ததில்தான் பாத்தி போகும். குரங்கு என்றால் கேள்வியே வேண்டாம்: பிடுங்கி, ஒரு கடி கடித்து, வீசிவிட்டு, அடுத்ததைப் பிடுங்கியிருக்கும்.

இனி அக்கா கணக்கில் சேர்க்காத ஆள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், பதினோரு பாகை அட்சரேகையில், உறைபனி விழுவதற்கு அந்த உயரம்தான் காரணம். ஆனால் உயரம் மட்டும் போதாது. நவம்பரில் முதலில் நீர்ப்பனி இறங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டதுபோலத் தெளிந்து, காற்றும் அடங்கும் இரவுகளில்தான் உறைபனி. பகலில் வாங்கிய வெப்பத்தை மண்ணும் இலையும் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். இல்லையென்றால் போனது போனதுதான். வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டர் தரையிலிருந்து நாலடி உயரத்தில், மரப்பெட்டிக்குள் பத்திரமாகத் தொங்குகிறது. அது 3 டிகிரி காட்டும் இரவில், திறந்தவெளியில் கிடக்கும் கேரட் இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். "டிவியில 3 டிகிரின்னுதான் சொன்னாங்க" என்று தோட்டத்தில் நின்று புலம்புவதில் பயனில்லை.

ஓடையோரத்து நாலு பாத்தி மட்டும் வெளுத்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர்போல வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியைவிட, அடிவாரத்துப் பள்ளங்களான தலைக்குந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்கள் சில இரவுகளில் அதிகம் வெளுக்கின்றன. குளிர்காற்று வழிந்து போகும் பாதையில் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அடர்த்தியாக உயிர்வேலி வைத்தால், அணை கட்டியதுபோல அது உள்ளேயே தேங்கிவிடும். பன்றியைத் தடுக்க வைத்த வேலி பனியைப் பிடித்து வைத்த கதை இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு.

பனிக்கட்டி ஊசிகள் செல்லைக் குத்திக் கிழிக்கின்றன என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகிறது. உருவான பிறகு, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொண்டே போகிறது. செல் உள்ளுக்குள் வற்றிச் சுருங்குகிறது, சவ்வு சிதைகிறது. அதாவது, பனியில் சாகும் இலை ஒருவகையில் தாகத்தில்தான் சாகிறது. வெயில் ஏறியதும் இலை வேகவைத்த கீரைபோலத் துவண்டு, மத்தியானத்துக்குள் கறுத்துப்போகிறது. உருளைக்கிழங்கும் பீன்ஸும் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கைவிட்டுவிடும். கேரட், முட்டைகோஸ், பீட்ரூட் கொஞ்சம் தாங்கும்.

இதில் ஒரு நுண்ணுயிருக்கும் பங்கு உண்டு. சுத்தமான நீர்த்துளி பூஜ்ஜியத்துக்கு வந்ததும் உறைந்துவிடாது. பனிக்கட்டி உருவாக ஒரு கரு வேண்டும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் மேல்பரப்பில் உள்ள ஒரு புரதம், நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் ஒழுங்கில் அடுக்கிக் கொடுத்து, மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே உறைதலைத் தொடங்கிவைத்துவிடுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய பாக்டீரியாவை 1987இல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி வயலில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரை அரசு அனுமதியோடு திறந்தவெளியில் விட்டது அதுவே முதல் முறை. எதிர்ப்பாளர்கள் முந்தைய இரவே புகுந்து செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். மாற்றிய பாக்டீரியா சந்தைக்கு வரவில்லை. மாற்றாத பாக்டீரியாவின் புரதமோ பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி செய்ய நன்றாக விற்கிறது!

சரி, தோட்டக்காரர் என்ன செய்கிறார்? ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளின் மேல் கோத்தகிரி மலார் என்ற செடிகளைப் பரப்பி மூடுவார்கள். வானத்துக்கும் இலைக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருந்தால் போதும், வெப்பம் அதில் பட்டுத் திரும்பும். அரை ஏக்கர் கேரட்டை அப்படி மூட முடியாது. புகை போடலாமா என்றால், புகைத் துகள்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்க முடியாத அளவுக்குச் சின்னவை. கண்ணைக் கரிக்கும், வெப்பத்தைப் பிடிக்காது. மிச்சம் தண்ணீர்தான். மாலையிலேயே மண்ணை நனைத்துவிட்டால், ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் சேர்த்துவைத்து இரவு முழுக்கக் கசியவிடும். விடியலில் ஸ்பிரிங்க்ளர் போட்டு, வெயில் படுவதற்குள் பனியைக் கழுவியும் விடுவார்கள்.

ஸ்பிரிங்க்ளரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இலைக்கு அது நல்லது. அதே ஒரு கிராம் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை இழுத்துக்கொள்கிறது. காற்று வறண்டு, கொஞ்சம் வீசவும் செய்கிற நேரத்தில் தண்ணீரைப் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தினால், கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதே அதிகமாகும். மோட்டாரைப் போட்டால் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் கரண்ட் போனால், போடாமல் இருந்ததைவிட மோசம்.

அக்காவின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. பனிக்காக நனைத்த மண் மெத்தென்று இருக்கிறது. பன்றியின் மூக்குக்கு அதைவிடத் தோதான இடம் வேறில்லை. மண்புழுவும் மேலே வந்திருக்கும். அதே ஜனவரியில் மலையின் புல்வெளிகள் பனியில் கருகிப் பழுப்பேறிவிடுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பாக இருக்கும்போது, நடுவில் ஸ்பிரிங்க்ளர் நனைத்த பச்சைச் சதுரம் ஒன்று தெரிந்தால் காட்டு மாடு எங்கே போகும்? சீகை, யூகலிப்டஸ், உண்ணிச்செடி என்று வந்தவையெல்லாம் பழைய புல்வெளியில் பெரும்பங்கைத் தின்றுவிட்ட பிறகு அதற்கும் வேறு இடமில்லை. பனிச் சேதம் ஒரு துறை, விலங்குச் சேதம் இன்னொரு துறை என்று நாம் மனு எழுதுகிறோம். பாத்தியில் இரண்டும் ஒரே இரவில், ஒரே காரணத்தால் வருகின்றன.

அக்கா வேலியைச் சுற்றிப் பழைய சேலைகள் கட்டியிருந்தார். பன்றிக்குக் கண்பார்வை மந்தம், நிறம் பிரித்தறிவதும் குறைவு. சேலையின் அசைவும் மனித வாசனையும் புதிதாக இருக்கும்வரை தயங்கும். தீங்கு இல்லை என்று தெரிந்ததும் சேலைக்கு அடியிலேயே புகுந்துவரும். வெடிச் சத்தத்துக்கும் அதே கதிதான். சோலார் வேலி பரவாயில்லை. அதன் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும், விநாடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குத்தான் அதிர்ச்சி பாயும், வலிக்கும், கொல்லாது. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பது வேறு விஷயம். அது யானையையும் கொல்லும், கொடுத்தவரையும் கொல்லும். 2025இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்றது. காடும் தோட்டமும் முட்டிக்கொண்டு கிடக்கும் இந்த மலையில் 3 கிலோமீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது?

அக்காவின் சோலார் வேலி அன்று வேலை செய்யவில்லை. கீழ்க்கம்பியில் புல் வளர்ந்து ஒட்டி, பனிநீரில் நனைந்து, கரண்டை மண்ணுக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அரிவாளால் அதை அறுத்துக்கொண்டே, "நேத்தே அறுத்திருக்கணும்" என்றார்.

எட்டரைக்கு வெயில் பள்ளத்துக்குள் இறங்கியது. ஓடையோரத்துக் கேரட் இலைகளின் நுனிகள் கறுத்துத் தொங்கின. அடித்தண்டு பச்சையாகத்தான் இருந்தது. ஒன்றைப் பிடுங்கி, ஓடையில் கழுவிக் கொடுத்தார். நல்ல இனிப்பு. குளிர் தட்டத் தட்டக் கேரட் தனக்குள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். சர்க்கரை கரைந்த நீர் லேசில் உறையாது. முள்ளம்பன்றி கடித்த மிச்சங்களைத் தனிக்கூடையில் பொறுக்கிப் போட்டார். பன்றி புரட்டியதில் முறியாமல் தப்பியவை இன்னொரு கூடைக்குப் போயின. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் வண்டி மேலே ரோட்டில் ஹாரன் அடித்தது.