மே மாதம் திருகோணமலை... டிசம்பரில் காலி! இலங்கைக்குக் கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மழைக்காலம் எது என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட `ஐப்பசி, கார்த்திகை' என்று சொல்லிவிடும். மார்கழி பிறந்த பிறகும் கடலை நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை `தானே' புயல் கரையைக் கடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. இந்த மழைக் கணக்கே இலங்கைச் சுற்றுலாவுக்கும் கைகொடுக்கும்.

பல வருடங்கள் சேர்த்த பணம், ஐந்தாறு நாள் விடுமுறை. வீட்டில் எல்லோரும் கேட்பது, `எந்த ஊருக்குப் போகலாம்?' என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டியது, `எந்த மாதம் போகிறோம்?'

ஒரு தீவு, இரண்டு மழைக்காலம்

பரப்பளவில் இலங்கை, தமிழ்நாட்டில் பாதிதான். ஆனால், நடுவே 2,500 மீட்டர் உயரம் வரை மலைகள் நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவமழையை அவை தடுத்து நிறுத்துகின்றன. கொழும்பு, காலி பக்கம் மழை பெய்யும்போது கிழக்குக் கரையில் வெயில் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அப்படியே தலைகீழ். அக்டோபர், நவம்பரில் தீவு முழுக்க மழை இருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் குடை எடுக்கும் மாதங்களில் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பிலும் குடைதான்!

கோடை விடுமுறை என்றால்...

வடக்கும் கிழக்கும் சரியான தேர்வு. நிலாவெளி, பாசிக்குடா கடற்கரைகளில் கடல் அமைதியாக இருக்கும். சீர்காழியில் பிறந்த சம்பந்தர் பாடிய கோணேஸ்வரமும் திருகோணமலையில்தான் இருக்கிறது. வெயில் மட்டும் கடலூரைப் போலவே சுடும்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. சிதம்பரம், சீர்காழி வழியாக நாகை போய்விடலாம். கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது என்பதால், தேதியை உறுதி செய்த பிறகே மற்ற முன்பதிவுகளைச் செய்வது நல்லது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் உண்டு.

அரையாண்டு விடுமுறை என்றால்...

தெற்கும் மேற்கும். காலியில் டச்சுக்காரர்களின் கோட்டை, பெந்தோட்டை கடற்கரை, மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணம் என்று குழந்தைகளுக்கு நிறைய இருக்கிறது. இதற்குச் சென்னை - கொழும்பு விமானமே வசதி.

கண்டி, நுவரெலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். மற்ற மாதங்களில் மலையில் மழை வரலாம் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

`போனதுதான் போனோம், எல்லாத்தையும் பார்த்துடுவோம்' என்ற ஆசைதான் ஆபத்து. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கி.மீ. ஐந்து நாள் பயணத்தில் இரண்டு கரைகளையும் தொட நினைத்தால், பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும்.

பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது. போகிற ஊரை மாற்றலாமே!