வீடு திரும்பிய பச்சிளங்குழந்தையின் முதல் 42 நாட்கள்



தெப்பக்காடு என்றதும் உங்களில் பலருக்கு யானை முகாம்தான் நினைவுக்கு வரும். முதுமலைக் காட்டிலுள்ள அவ்வூரைச் சுற்றிக் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடும்பங்களும் வாழ்கின்றன. மருத்துவமனையில் பிறந்த குழந்தை சுகமாய் வீடு திரும்புவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அதன்பின் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக விளக்குகிறோம்.

முதலாவது, குளிர். பச்சிளங்குழந்தையின் உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். தலையையும் பாதங்களையும் மூடி, தாயின் வெற்று மார்பில் அணைத்துக் கிடத்துவதே சிறந்த காப்பு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாதிருந்தபோது, 1978-ல் தொடங்கிய இம்முறையைக் ‘கங்காரு பராமரிப்பு’ என்கிறார்கள். எடை குறைந்த குழந்தைக்கு இது மிகவும் அவசியம்.

இரண்டாவது, மஞ்சள். பல குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி, இரண்டு வாரத்திற்குள் மறைந்துவிடும். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தால் போதும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஆனால் பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, மலம் வெளுத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெயிலில் காட்டுவது அதற்குச் சிகிச்சையாகாது.

இங்கே உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்குக் கம்பளித் துணி அனுப்புகிறவர்கள் அதனுடன் பாச்சை உருண்டை வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அதன் நெடியே இரத்த அணுக்களைச் சிதைத்து, மஞ்சளைக் கடுமையாக்கக்கூடும்.

மூன்றாவது, தொப்புள்கொடி. சாம்பல், மஞ்சள்தூள், எண்ணெய் எதுவும் தடவாமல் உலர்வாக விட்டால் தானே உதிர்ந்துவிடும். சுற்றிலும் சிவந்தாலோ சீழ் வந்தாலோ அது தொற்று.

நான்காவது, நீலகிரிக்கே உரிய ஒன்று. இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதன்முதலாக 1952-ல் இம்மலைப் பழங்குடியினரிடையேதான் கண்டறியப்பட்டது. பிறந்த சில மாதங்களுக்கு இந்நோயின் அறிகுறி தெரியாது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கிறது. ஆகவே நோய் வெளிப்படும்வரை காத்திராமல் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நோய் உறுதியானால், இரண்டு மாதம் முதல் ஐந்து வயதுவரை கொடுக்கும் பெனிசிலின் உயிர்க்கொல்லித் தொற்றுகளைத் தடுக்கிறது.

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையைச் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தாயும் பாட்டியுமே காவலர்கள். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், விலா உள்ளிழுத்தல், காய்ச்சல், உடல் சில்லிடுதல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. வழியெங்கும் யானை நடமாடும் காட்டில், “விடிந்ததும் பார்ப்போம்” என்பது இயல்பான பேச்சு. பச்சிளங்குழந்தையின் நோயோ அதுவரை காத்திராது. இருட்டுமுன் குறி கண்டால் அப்பொழுதே புறப்படவும், இரவானால் 108-ஐ அழைக்கவும் ஒவ்வொரு தாய்க்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

உங்கள் சபையில் குழந்தை பிறந்த வீடுகளுக்கும் இவை பொருந்தும். போய்ப் பார்க்கும்போது எடுத்துச் சொல்லுங்கள்.