உப்புவெளியில் காணி பார்க்குமுன்

வாடைக்காற்று ஓய்ந்து சித்திரை பிறந்தால் திருகோணமலை மாவட்டத்தின் உப்புவெளிக் கடல் அமர்ந்துவிடும். அந்த மாதங்களில்தான் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்தவரும், கனடாவிலிருந்து ஊர் பார்க்க வந்தவரும் நிலாவெளி வீதியில் வாகனத்தை நிறுத்திக் காணி விலை விசாரிக்கிறார்கள். சிறிய ஊர், தமிழ் பேசும் அயல், காலையில் கரைவலை மீன், நம் பாட்டில் நாம் இருக்கலாம். ஆசையில் பிழையில்லை. குடிமக்கள் நாட்டுக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வெளியே போனவர் நாடு திரும்பும் உரிமையும் அதிலேயே இருக்கிறது.

அந்த உறுப்புரையில் இல்லாதது சொத்துரிமை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொத்துரிமையை அடிப்படை உரிமையாகச் சொல்லவேயில்லை. பழைய சட்டமொன்று அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் அது செல்லும் என்று 16ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே விரும்பிய ஊரில் வாழும் உரிமையை நாடு தருகிறது. வாங்கிய காணியைக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் கையிலுள்ள கடதாசியைப் பொறுத்தது.

அதிகாரம் எட்டாத ஊர் எது என்று தேடுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 2001இல் ஜேசன் சோரன்ஸ் என்பவர் தொடங்கிய இயக்கம், சுதந்திர விரும்பிகள் எல்லாரும் ஒரே மாநிலத்தில் குடியேறினால் அதன் அரசியலையே மாற்றலாம் என்று 2003இல் நியூ ஹாம்ப்ஷயரைத் தெரிந்தெடுத்தது. அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தின் கிராஃப்டன் என்ற சிற்றூருக்கு ஒரு கூட்டம் போய்ச் சேர்ந்தது. வரியைக் குறைத்தார்கள், வீதிப் பராமரிப்பு குறைந்தது, தெருவிளக்கு குறைந்தது, கரடிகள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. உப்புவெளியில் கரடி இல்லை. இங்கே உள்ள சிக்கல் இதற்கு நேர்மாறானது: ஒரு துண்டுக் காணிமேல் ஐந்தாறு அதிகாரங்கள் இருக்கும், எது எப்போது வந்து கதவைத் தட்டும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆட்சியே இல்லாத ஊரைத் தேடுவதைவிட, கேட்டால் எழுத்தில் பதில் தரும் ஆட்சி உள்ள ஊரா என்று பார்ப்பது பயன் தரும். அதைக் காணி வாங்குமுன்பே பரீட்சித்துப் பார்க்கவும் வழியிருக்கிறது.

அந்த வழி பின்னால் வரும். முதலில் காணியின் சாதி. உப்புவெளியிலும் அதன் அயலிலும் உறுதிக் காணி, அரச அளிப்புக் காணி, பெமிட் காணி, வெறும் ஆட்சியில் இருக்கும் காணி எல்லாம் அடுத்தடுத்த வேலிக்குள் கிடக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெமிட் காணியை விற்கமுடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. இருந்தும் சத்தியக் கடதாசி ஒன்றை எழுதிக் கையொப்பம் வாங்கி, “இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்” என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் அப்படி வாங்கியிருக்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தாத காணி விற்பனைக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை.

உறுதிக் காணி என்றால் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யவேண்டும். முப்பது வருடமாவது பின்னோக்கிப் பார்ப்பது சட்டத்தரணிகளின் வழக்கம். இந்த ஊரில் அந்த முப்பது வருடத்துக்குள் யுத்தமும் இடப்பெயர்வும் இருக்கின்றன. சொந்தக்காரர் இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போயிருப்பார். காணியில் இன்னொருவர் குடியிருந்து, பத்து வருட ஆட்சியால் காணி தனக்கே உரியது என்பார். வன்முறையால் தங்கள் காணி உரிமையைக் காக்க முடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அத்தகையவர்களுக்கு எதிரான ஆட்சிக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடமளித்தது. ஆகவே “முப்பது வருடமாக நாங்கள்தான் இருக்கிறோம்” என்ற பேச்சை மட்டும் நம்பிக் காசு எண்ணிக் கொடுக்கவேண்டாம்.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரின் அற்றோணித் தத்துவத்தைக் காட்டி விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிடும். சொந்தக்காரரோடு காணொளியில் பேசுவது இன்று பெரிய காரியமில்லை. பேச விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். உறுதி முடித்த கையோடு அதைப் பதியுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி இருந்தால், மோசடி இல்லாதவிடத்து, முந்திப் பதிந்தவருக்கே சட்டம் இடம் கொடுக்கிறது.

இனிக் கடல். கடலைப் பார்த்துக்கொண்டு விலை பேசுகிறவருக்குத் தரகர் கடலையும் சேர்த்தே விற்றுவிடுவார். உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, அதற்குள் எதைக் கட்டுவதற்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத கட்டடத்தை இடிக்கும் அதிகாரம் அந்தத் திணைக்களத்துக்கு உண்டு. பிரதேச சபை கட்டட வரைபடத்தை அங்கீகரித்திருந்தாலும் இந்த அனுமதி தனியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அதைத் தளர்த்தியது. விதி எவ்வளவு விரைவில் வரும், எவ்வளவு விரைவில் போகும் என்பதற்கு அதுவே நல்ல பாடம். பக்கத்து விடுதி கரையோடு ஒட்டி நிற்கிறதே என்பது உங்களுக்கு ஒரு சான்றாகாது.

துறைமுகப் பட்டினம் என்பதால் வரும் இன்னொரு வில்லங்கம் உண்டு. திருகோணமலைக் குடாவைச் சுற்றியுள்ள பெரும் நிலப்பரப்பு 1980களில் துறைமுக அதிகாரசபையின் பெயருக்கு மாறியது. அதற்கு முன்பிருந்தே பயிர் செய்த குடும்பங்கள் அதற்குள் அகப்பட்டுக்கொண்டன. 2025இல் முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்து வீதியில் இறங்கியதன் வேர் அங்கேதான் இருக்கிறது. சம்பூர் மக்கள் 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தார்கள். முதலீட்டு வலயத்துக்கென்று எடுத்த 818 ஏக்கரை விடுவிக்க 2015 மே மாதம் ஆகவேண்டியிருந்தது. இவை உப்புவெளிக்குள் நடந்தவையல்ல, ஆனால் ஒரே மாவட்டம், அதே கச்சேரி. ஆகையால் நீங்கள் பார்க்கும் காணியின் நில அளவை வரைபட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அது துறைமுக அதிகாரசபை, தொல்பொருள், வனம், கடற்படை ஆகியவற்றில் எதற்காவது ஒதுக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போயிருக்கும். இரட்டைக் குடியுரிமை பெறாதவரை, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர். காணியை விலைக்கு வாங்கமுடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம், நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசு முறையில் வருவதற்கும் விலக்கு உண்டு. நடைமுறையில் பலர் செய்வது மாமாவின் பெயரில் அல்லது மச்சானின் பெயரில் வாங்கிப் போடுவது. அந்த மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் உறுதியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் அனுப்பிய காசைப் பார்க்கமாட்டார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கிடைக்கும் வரை வாடகைக்கு இருங்கள்.

வாடகைக்கு இருப்பதில் வேறு லாபமும் இருக்கிறது. ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் எந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு உப்பாகும் என்பதெல்லாம் தெரியவரும். விடுதிகள் பாதி மூடிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் ஊரின் வேலைவாய்ப்பு, போக்குவரத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றின் உண்மை நிலவரமும் புலப்படும்.

பதில் தரும் ஆட்சியா என்று பரீட்சிக்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். குடிமகன் யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிரதேச சபையில், பிரதேச செயலகத்தில், கரையோரம் பேணல் திணைக்களத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைத் தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் கேட்ட கேள்விக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், அந்த ஊரில் உங்கள் பத்து வருட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடும் செய்யலாம்.

ஊர் மாறினால் நாட்டுச் சட்டம் மாறாது என்பதையும் சொல்லவேண்டும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இரண்டும் கடற்கரை வீட்டுக்கும் பொருந்தும். கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் இருக்கும் மாவட்டம் இது. விசாரணை என்ற பெயரில் எவரும் வீட்டுக்கு வந்தால் பெயர், பதவி, நிலையம், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அரச அலுவலர் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். பலர் தோற்பது இந்த ஒரு மாதத்தில்தான். பெரியவர்களைப் பிடித்துப் பேசிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைக் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள், பிறகு காட்டவேண்டி வரும். காணியை அரசு சுவீகரிக்க வந்தால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆட்சேபணை சொல்லவும் நட்டஈடு கேட்கவும் வழி உண்டு. அறிவித்தலில் உள்ள திகதியைத் தவறவிட்டால் அது கடினம்.

இனிச் சபைகள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, மாகாணத்தை ஆளுநர்தான் நடத்துகிறார். உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்கள் கையில் இருந்தன. 2023இல் நடக்கவேண்டிய தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வேலியோரக் கானையும் குப்பையும் தெருவிளக்கும் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் பொறுப்பு. குடியேறினால் கிராம அலுவலரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயரை உப்புவெளிக்கு மாற்றிவிடுங்கள். காணிக்கு மட்டும் இங்கே, வாக்குக்குக் கொழும்பில் என்று இருப்பவரின் கடிதத்துக்கு வட்டார உறுப்பினர் அவசரப்படமாட்டார்.

வேலி போடுமுன் கரைவலைச் சம்மாட்டியிடமும் பேசவேண்டும். கரைவலைப் பாடுகளுக்குக் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு உண்டு, வலை இழுக்கவும் தோணி ஏற்றவும் வாடி போடவும் அவர்களுக்குக் கரை வேண்டும். கரைக்குப் போகும் பாதை உங்கள் காணிக்குள்ளால் போகிறதா என்று தரகர் சொல்லமாட்டார், பழைய வரைபடம் சொல்லும். வரைபடத்திலும் இல்லாவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்க் கரையில் நில்லுங்கள். ஆட்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.