நாணயத்துக்கு மதிப்பெண்

கடன் கேட்பவரின் நாணயத்தை எண்ணால் அளக்க இயலுமா? இயலும் எனத் துணிந்தவர்கள் அமெரிக்க எஞ்சினியர் பில் ஃபேரும், கணித நிபுணர் எர்ல் ஐசக்கும் ஆவர். ஆளுக்கு 400 டாலர் முதலிட்டு, 1956-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கம்பெனி தொடங்கினர். 1958-இல் 50 கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினர், ஒன்றே பதிலளித்தது. அவர்கள் தளரவில்லை.

அக்கம்பெனி 1989-இல் அறிமுகப்படுத்திய 'ஃபைகோ' மதிப்பெண், பொதுவாக 300 முதல் 850 வரை அமையும். அதில் 35 சதவிகிதம் தவணை தவறாமையைப் பொறுத்தது. இனத்துக்கும் மதத்துக்கும் அதில் இடமில்லை. அந்நாட்டில் ஒருவருக்குக் கடன் உண்டா, வட்டி எவ்வளவு என்பதை இன்று பெரிதும் இத்தகைய மதிப்பெண்களே நிர்ணயிக்கின்றன.

ஆயினும், பேரேட்டில் பிழையிருப்பின் மதிப்பெண்ணும் பிழையாகும். எனவே, தவறான பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் கடனாளிக்கு வழங்கியது. மதிப்பெண்ணைச் செப்பனிடுவதாகக் கூறிப் பணம் பறித்த இடைத்தரகர்கள் பெருகவே, வேலை முடியுமுன் கட்டணம் பெறுவதை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பொய்ப் பதிவைக் கடனாளி தாமே கட்டணமின்றி மறுக்கலாம். மெய்யான பாக்கியையோ எத்தரகராலும் சட்டப்படி அழிக்க இயலாது.

இயந்திரம் எழுதியதைக் கூட்டுமேயன்றி, எழுதியது மெய்யா என அறியாது. அதை அறிந்தவர் கடனாளியே. ஆதலின் அங்கத்தினர்களே, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பற்றுவரவைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.